ஆக்சிஜனேற்ற அழுத்தம் செல்லின் சமிக்ஞைகளை மாற்றுகிறதா? ஆய்வைத் திட்டமிடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் உயிர்தொழில்நுட்பமும் படிக்கும் முதுகலை மாணவர்கள் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போது, சில தலைப்புகளை ஊரே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள ஃப்ளூரைடு, கேழ்வரகின் மேல்தோல், மாங்கூழ் ஆலைகளில் பருவந்தோறும் குவியும் மாம்பழத் தோல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. முதலாவது செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்குவதாகவும், மற்ற இரண்டும் அதைத் தணிப்பதாகவும் கருதப்படுகின்றன. ஆனால் பெரும்பாலான திட்ட அறிக்கைகள், சோதனைக் குழாயில் டி.பி.பி.எச். என்ற சாயம் நிறமிழப்பதை எதிர்ஆக்சிஜனேற்றத் திறனாகக் காட்டுவதோடும், கொழுப்புச் சேதத்தின் விளைபொருளான மாலோன்டையால்டிஹைடு திசுவில் கூடியதைக் காட்டுவதோடும் நின்றுவிடுகின்றன. செல்லுக்குள் அந்த அழுத்தம் எந்தப் புரதத்தைத் தொட்டது, எந்தச் சமிக்ஞைப் பாதையைத் திறந்தது அல்லது அடைத்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும், எளிய ஆய்வகத்திலேயே அதற்கு நம்பத்தக்க விடை பெறுவதற்கும் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் தெளிய வேண்டியவை

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தை 1985-இல் ஹெல்முட் சீஸ் வரையறுத்தபோது, ஆக்சிஜனேற்றிகளுக்கும் எதிர்ஆக்சிஜனேற்றிகளுக்கும் இடையிலான சமநிலை குலைந்து சேதம் விளைவது என்ற பொருளிலேயே அது வழங்கியது. பிற்காலத்தில் அவரே உள்ளிட்ட ஆய்வாளர்கள், சமிக்ஞைகளும் அவற்றின் கட்டுப்பாடும் குலைவதை அந்த வரையறைக்குள் சேர்த்தார்கள். இதற்கு வழிவகுத்த சோதனைகளுள் ஒன்று 1995-இல் வெளிவந்தது. இரத்தக்குழாயின் மென்தசைச் செல்களுக்குப் பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்ததும் அவை தாமே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கின. செல்லுக்குள் கேட்டலேஸ் நொதியை ஏற்றி அந்தப் பெராக்சைடை நீக்கியபோது, புரதங்களில் பாஸ்பேட் ஏறுவதும் (செல்லுக்குள் செய்தி கடத்தப்படும் வழிகளுள் இது ஒன்று) செல் பெருகுவதும் தடைப்பட்டன. வளர்ச்சிக் காரணியின் செய்தி உள்ளே போய்ச் சேர்வதற்கே பெராக்சைடு தேவைப்பட்டது என்பதை இந்தச் சோதனை காட்டியது.

எனவே 'வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் இனங்கள்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிப் பேசுவதை முதலில் கைவிட வேண்டும். ஹைட்ராக்சில் தனியுறுப்பு தோன்றிய இடத்திலேயே கையில் கிடைத்த மூலக்கூறைத் தாக்கிவிடுவதால், அது செய்தியைச் சுமந்து செல்ல இயலாது. சூப்பராக்சைடுக்கு மின்னூட்டம் இருப்பதால் அது சவ்வை எளிதில் கடக்காது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் அதை விரைவாகப் பெராக்சைடாக மாற்றியும் விடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடோ ஓரளவு நிலைத்திருக்கிறது, சில அக்குவாபோரின் வாயில்கள் வழியே சவ்வைக் கடக்கிறது, எல்லாவற்றையும் தாக்காமல் குறிப்பிட்ட சில அணுத்தொகுதிகளையே தேர்ந்து தாக்குகிறது. சமிக்ஞையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் நாம் பேசுவது இந்தப் பெராக்சைடைப் பற்றித்தான்.

அது தேர்ந்தெடுக்கும் இலக்கு, சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக முனை. தனித்த சிஸ்டைனின் பி.கே.ஏ. மதிப்பு (ஹைட்ரஜனை எவ்வளவு எளிதில் விடும் என்பதன் அளவு; குறைந்தால் எளிதில் விடும்) 8-க்கு மேல் இருப்பதால், செல்லின் நடுநிலைச் சூழலில் அதன் கந்தகம் பெரும்பாலும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு வினையற்றுக் கிடக்கும். புரதத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் டைரோசின் பாஸ்பேடேஸ் நொதிகளின் வினைமையத்தில் உள்ள சிஸ்டைனுக்கு அந்த மதிப்பு 5-க்கும் 6-க்கும் இடையே இறங்கிவிடுகிறது. ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டத்தோடு நிற்கும் அந்தக் கந்தகத்தைப் பெராக்சைடு தாக்கிச் ஓர் ஆக்சிஜன் ஏறிய சல்ஃபீனிக் நிலைக்குக் கொண்டுபோகிறது. பி.டி.பி.1பி என்ற பாஸ்பேடேஸில் 215-ஆம் இடத்துச் சிஸ்டைனுக்கு இதுவே நிகழ்கிறது. அது சல்ஃபீனிக் நிலையை அடைந்ததும் அருகிலுள்ள, புரதச் சங்கிலியின் முதுகெலும்பு நைட்ரஜனோடு வளையமாகப் பிணைந்துகொள்வதால் நொதி தற்காலிகமாகச் செயலிழக்கிறது. இன்சுலின் ஏற்பியிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் வேலை அந்த நேரத்தில் நின்றுபோவதால் ஏற்பியின் சமிக்ஞை வலுக்கிறது. ஆக்சிஜனேற்றத்தை மீட்டுத் திருப்பும் குளுடாதயோனோ தயோரெடாக்சினோ வந்ததும் வளையம் அவிழ்ந்து நொதி மீள்கிறது. பெராக்சைடு மிகுந்து, சிஸ்டைன் மூன்று ஆக்சிஜன் ஏறிய சல்ஃபோனிக் நிலைவரை போய்விட்டால் அந்த நொதி மூலக்கூறு மீள்வதில்லை. செய்தி எங்கே முடிந்து சேதம் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரே அணுவில் வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இங்கே கூர்ந்து படிப்பவர்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். பி.டி.பி.1பி-யோடு பெராக்சைடு வினைபுரியும் வேகத்தைப் போலப் பல்லாயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் பெராக்சிரெடாக்சின் என்ற புரதம் பெராக்சைடை உண்டு தீர்க்கிறது. அந்தப் புரதமும் செல்லில் ஏராளமாக உள்ளது. அப்படியிருக்கப் பாஸ்பேடேஸுக்குப் பெராக்சைடு எப்படி மிஞ்சும்? இதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன, இரண்டுக்கும் சான்றுகளும் உள்ளன. கே.ஆர்.பி. அணையில் மதகைத் திறந்ததும் தண்ணீர் கால்வாயில் பாய்வதைப் போல, சவ்வின் ஓரிடத்தில் உள்ள பெராக்சிரெடாக்சின் மட்டும் தற்காலிகமாகச் செயலிழந்ததும் அந்த இடத்தில் பெராக்சைடு பெருகிப் பக்கத்திலுள்ள இலக்கை எட்டுகிறது என்பது ஒன்று. பெராக்சிரெடாக்சினே பெராக்சைடை வாங்கி, தான் பெற்ற ஆக்சிஜனேற்றத்தை அடுத்த புரதத்துக்குக் கைமாற்றுகிறது என்பது மற்றொன்று. பெராக்சிரெடாக்சின் 2 இவ்வாறு ஸ்டாட்3 என்ற படியெடுப்புக் காரணிக்குக் (மரபணுக்களை இயக்கும் புரதம்) கைமாற்றுவது 2015-இல் காட்டப்பட்டது. ஆய்வைத் திட்டமிடும்போது இந்த இடைத்தரகரை மறந்துவிடாதீர்கள்.

மேலும் இரண்டு பாதைகளை அறிந்திருந்தால் போதும். கீப்1 என்ற புரதம் என்.ஆர்.எஃப்.2 என்ற படியெடுப்புக் காரணியைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்1-இன் சிஸ்டைன்கள் மாற்றமடைந்ததும் அந்த வேலை தடைப்படுவதால், என்.ஆர்.எஃப்.2 செல்லின் உட்கருவுக்குள் சென்று பாதுகாப்பு நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது. தயோரெடாக்சின் ஒடுக்க நிலையில் (ஆக்சிஜனேற்றம் அடையாமல்) இருக்கும்வரை, புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான ஏ.எஸ்.கே.1 என்ற கைனேஸைக் கட்டிவைத்திருக்கும்; அது ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் பிடி தளர்வதால், பி38, ஜே.என்.கே. என்ற கைனேஸ்கள் தூண்டப்பட்டுச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பாதைக்குப் போகக்கூடும். சிறிய அழுத்தம் பிழைப்பதற்கான ஆயத்தத்தையும் பெரிய அழுத்தம் சாவையும் தருவதன் அடிப்படை இத்தகைய வேறுபட்ட பாதைகளில் உள்ளது.

அளவைக் கணக்கிட்ட பிறகே செறிவைத் தேர்ந்தெடுங்கள்

செல்லுக்குள் இயல்பாக இருக்கும் பெராக்சைடின் செறிவு ஏறத்தாழ 1 முதல் 10 நானோமோலார். சமிக்ஞை நடக்கும்போது அது 100 நானோமோலார் வரை உயரலாம் என்றும், அதற்கு மேல் சேதத்தின் எல்லை தொடங்குகிறது என்றும் மதிப்பிடப்படுகிறது. வெளியே நாம் ஊற்றும் பெராக்சைடுக்கும் உள்ளே சேருவதற்கும் இடையே நூறு மடங்கோ அதற்கு மேலோ வேறுபாடு இருப்பதால், ஊடகத்தில் சில மைக்ரோமோலார் ஊற்றினாலே உள்ளே சமிக்ஞை அளவை எட்டிவிடலாம். பாலூட்டிச் செல்களுக்கு 1 மில்லிமோலார் ஊற்றிவிட்டு, ஜெல்லில் பாஸ்பேட் ஏறிய புரதத்தின் பட்டை தெரிகிறது என்று காட்டுவது இறந்துகொண்டிருக்கும் செல்லின் கூச்சலைப் பதிவு செய்வதாகவே முடியும்.

ஃப்ளூரைடுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். குடிநீரில் ஃப்ளூரைடுக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க அளவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமையும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் எல்லையாக 1.5 மில்லிகிராமையும் குறிக்கிறது. ஃப்ளூரினின் அணு எடை 19 என்பதால் 1.5 மில்லிகிராம் ஏறத்தாழ 0.08 மில்லிமோலார் ஆகிறது. செல் வளர்ப்பில் பலர் பயன்படுத்தும் 1 முதல் 5 மில்லிமோலார் சோடியம் ஃப்ளூரைடு, லிட்டருக்கு 19 முதல் 95 மில்லிகிராம் ஃப்ளூரைடுக்குச் சமம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்படுவதற்கு முன்பு நம் ஊர்களில் மக்கள் குடித்த நீரைப் பற்றி ஆய்வதாக முன்னுரையில் எழுதிவிட்டு, அதைப் பன்மடங்கு தாண்டிய செறிவில் சோதனை செய்தால் முன்னுரைக்கும் முடிவுக்கும் தொடர்பு அறுந்துவிடும். உயர்ந்த செறிவைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை, 0.05, 0.1, 0.25 மில்லிமோலார்களும் அந்த வரிசையில் இருக்க வேண்டும், வெளிப்பாட்டு நேரமும் அதற்கேற்ப நீள வேண்டும்.

ஈஸ்ட்டில் செய்யும் சோதனை

செல் வளர்ப்பு வசதி இல்லாத கல்லூரிக்கு ஈஸ்ட் மிக நல்ல தொடக்கம். பெராக்சைடை உணர்ந்து மரபணுக்களை இயக்கும் பாதை அதில் மிகத் தெளிவாக அறியப்பட்டுள்ளது: ஓர்ப்1 என்ற பெராக்சிடேஸ் பெராக்சைடை உணர்ந்து, யாப்1 என்ற படியெடுப்புக் காரணியில் டைசல்ஃபைடு பிணைப்பை உண்டாக்குகிறது. யாப்1 உட்கருவிலிருந்து வெளியேற முடியாமல் அங்கேயே தங்கி, தயோரெடாக்சின், குளுடாதயோன் தொகுப்பு ஆகியவற்றுக்கான மரபணுக்களை இயக்குகிறது. இந்தப் பாதை வேலை செய்வதன் வெளிப்படையான விளைவு, சிறிய அளவு பெராக்சைடை முன்கூட்டியே சந்தித்த செல் பிறகு கொல்லும் அளவையும் தாங்குவது. அதைத் தட்டில் வளரும் கூட்டமைவுகளாக எண்ணிவிடலாம்.

கடையில் விற்கும் உலர் ஈஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்து நேரே பயன்படுத்தினால் சோதனை தோற்கும், ஏனெனில் நிலைப்பருவத்துச் செல்கள் இயல்பிலேயே பெராக்சைடைத் தாங்குபவை. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்தில் பெற்ற இனத்தை, 1 விழுக்காடு ஈஸ்ட் சாறு, 2 விழுக்காடு பெப்டோன், 2 விழுக்காடு குளுக்கோஸ் கலந்த ஊடகத்தில் இரவு முழுவதும் வளர்த்து, காலையில் புது ஊடகத்தில் 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி (செல்களின் நெருக்கத்தைக் காட்டும் அளவு) 0.1 ஆகுமாறு நீர்த்து, அது 0.4-ஐ எட்டும்வரை 30 டிகிரியில் குலுக்கி வளர்க்க வேண்டும். அந்த நிலையில் செல்கள் பெருகும் பருவத்தில் இருக்கும்.

வெப்பநிலையைப் பற்றி நம் மாவட்டங்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சித்திரை, வைகாசியில் தருமபுரியில் அறை வெப்பமே 35 டிகிரியைத் தாண்டும்போது 30 என்று முள்ளைத் திருப்பி வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது அறை வெப்பம்தான். வெப்ப அதிர்ச்சியும் ஈஸ்ட்டைப் பெராக்சைடுக்குத் தாங்குதிறன் பெறச் செய்யும் என்பதால், முன்தயாரிப்பாகச் சிறிய அளவு பெராக்சைடு கொடுக்காத கட்டுப்பாட்டுச் செல்களும் பிழைத்துக்கொண்டு வேறுபாட்டை அழித்துவிடும். குளிர்விக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் இல்லையென்றால் இந்தச் சோதனையை மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பனிக்கட்டி சேர்த்துச் சரிசெய்யும் நீர்த்தொட்டியில் குடுவையை வையுங்கள். உள்ளே ஒரு தனி வெப்பமானி கட்டாயம் இருக்கட்டும்.

பெராக்சைடை மருந்துக்கடையில் வாங்காமல், ஆய்வகத் தரமான 30 விழுக்காட்டுக் கரைசலை வாங்குங்கள். அது தோலைச் சுட்டுவிடும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. எடைக்குக் கனஅளவு என்ற கணக்கில் 30 விழுக்காடு என்பது ஏறத்தாழ 8.8 மோலார், ஆனால் திறந்து பழகிய புட்டியில் அந்த அளவு இருக்கும் என்று நம்பாதீர்கள். நூறு மடங்கு நீர்த்துப் பணிக்கரைசலாக வைத்துக்கொண்டு, அதை மேலும் பத்து மடங்கு நீர்த்து, குவார்ட்ஸ் குவெட்டில் 240 நானோமீட்டரில் அளந்தால், மோலார் உறிஞ்சுகை 43.6 என்ற கணக்கில் 0.38 அளவு காட்ட வேண்டும். கண்ணாடிக் குவெட் அந்த அலைநீளத்தைத் தானே விழுங்கிவிடும். எண் குறைந்திருந்தால் உண்மையான செறிவை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். 88 மில்லிமோலார் பணிக்கரைசலில் 23 மைக்ரோலிட்டரை 10 மில்லிலிட்டர் செல் கரைசலில் சேர்த்தால் 0.2 மில்லிமோலாரும், 227 மைக்ரோலிட்டரைச் சேர்த்தால் ஏறத்தாழ 2 மில்லிமோலாரும் கிடைக்கும்.

செல் கரைசலை நான்காகப் பிரியுங்கள். ஒன்றுக்கு எதுவும் வேண்டாம், ஒன்றுக்கு 0.2 மில்லிமோலார் மட்டும்; ஒன்றுக்கு 2 மில்லிமோலார் மட்டும்; நான்காவதற்கு 0.2 கொடுத்து 60 நிமிடம் கழித்து 2 மில்லிமோலார். பெரிய அளவை ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, கேட்டலேஸ் சேர்த்து மீந்த பெராக்சைடை அழித்து, தொடர் நீர்த்தல் செய்து தட்டில் பரப்பி இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள். இந்த அளவுகள் தொடக்கப் புள்ளிகளே. இனத்துக்கு இனம் தாங்குதிறன் மாறும் என்பதால், பெரும்பகுதி செல்களைக் கொல்லும் அளவு எது, வளர்ச்சியைத் தொடாத அளவு எது என்பதை முதலில் ஒரு வரிசை வைத்துக் கண்டுகொள்ள வேண்டும். செல்களே பெராக்சைடை உண்பவை. ஒளி அடர்த்தி இரு மடங்கானால் ஒரு செல்லுக்குக் கிடைக்கும் அளவு பாதியாகிவிடும். ஆகவே எல்லாக் குடுவைகளிலும் செல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும்.

நான்காவது குடுவையில் பிழைத்தவை மூன்றாவதைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், சிறிய அளவு ஏதோ ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறது என்று கொள்ளலாம். அது புதுப் புரதத் தொகுப்பின் வழியே வந்ததா என்று அறிய, முன்தயாரிப்பு நேரத்தில், புரதத் தொகுப்பைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த ஒரு குடுவையை வைக்கலாம். யாப்1 நீக்கிய இனம் கிடைத்தால் இன்னும் சிறப்பு, ஏனெனில் அப்போது பாதையின் பெயரையே சொல்லிவிட முடியும்.

இதே ஈஸ்ட்டை ஃப்ளூரைடு ஆய்வுக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஈஸ்ட் சவ்வில் ஃபெக்ஸ் என்ற ஃப்ளூரைடு வெளியேற்றிகள் உள்ளன. அவற்றின் தயவால் இயல்பான ஈஸ்ட், ஃப்ளூரைடை உள்ளே தங்கவிடாமல் வெளியே தள்ளிவிடுகிறது. விளைவு எதுவும் தெரியவில்லை என்றால் ஃப்ளூரைடு தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஆய்வுக்குப் பாலூட்டிச் செல்வரிசை தேவை. அதைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் பெற்று, வளர்ப்பு வசதியுள்ள சேலத்து அல்லது பெங்களூரு ஆய்வகத்தோடு இணைந்து செய்வதே நடைமுறைக்கு உகந்தது.

பெராக்சைடுதான் காரணம் என்று காட்டுதல்

ஒரு பொருளைச் சேர்த்தபின் பெராக்சைடும் கூடியது, பி38-இல் பாஸ்பேட்டும் ஏறியது என்றால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அதிலிருந்து பெறப்படாது. பெராக்சைடை மட்டும் குறிப்பாக நீக்கி, பாஸ்பேட் ஏறுவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஏற்றது கேட்டலேஸ். சாதாரண கேட்டலேஸ் செல்லுக்குள் புகாது என்பதால் அது வெளியிலுள்ள பெராக்சைடை மட்டுமே நீக்கும். உள்ளே நீக்குவதற்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைத்த வகையோ, செல்லிலேயே கேட்டலேஸை மிகையாக உண்டாக்குவதோ வேண்டும். கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த கேட்டலேஸைக் கட்டுப்பாடாக வையுங்கள். என்-அசிட்டைல் சிஸ்டைனைப் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவது மிக மெதுவாகவே. சிஸ்டைனையும் குளுடாதயோனையும் பெருக்கி வேறு பல வழிகளிலும் செல்லை மாற்றும். அதன் கரைசல் அமிலத்தன்மை கொண்டது என்பதால் நடுநிலைப்படுத்தாமல் ஊற்றினால் ஊடகத்தின் அமிலநிலையே மாறி, அந்த மாற்றத்தின் விளைவை நீங்கள் எதிர்ஆக்சிஜனேற்ற விளைவென்று எண்ணிவிடக்கூடும்.

ஃப்ளூரைடில் இந்தக் கவனம் இரு மடங்கு தேவை. சிறிதளவு அலுமினியம் உடன் இருந்தால், ஃப்ளூரைடு அதோடு சேர்ந்து பாஸ்பேட்டின் வடிவத்தை ஒத்த சேர்மமாகி, ஜி புரதங்களை நேரடியாகத் தூண்டும். உயர் செறிவில் அது செரின், திரியோனின் பாஸ்பேடேஸ்களைத் தடுக்கும். புரதச் சாறு எடுக்கும் கரைசலில் நாமே சோடியம் ஃப்ளூரைடைச் சேர்ப்பதன் காரணமும் அதுதான். ஆகவே ஃப்ளூரைடு கொடுத்த செல்லில் பாஸ்பேட் கூடியிருப்பதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் தேவையே இல்லாமல் இருக்கலாம். செல்லுக்குள் கேட்டலேஸை ஏற்றிய பிறகும் அந்தக் கூடுதல் அப்படியே இருந்தால், பெராக்சைடு அதற்குக் காரணமன்று என்று நேர்மையாக எழுதுங்கள். அதுவும் மதிப்புள்ள முடிவுதான்.

கேழ்வரகுத் தோல் சாறும் மாம்பழத் தோல் சாறும் எதிர்ப்பக்கத்துச் சிக்கலைத் தருகின்றன. அவற்றிலுள்ள கேட்டெச்சின், காலிக் அமிலம் போன்ற பாலிபீனால்கள் வளர்ப்பு ஊடகத்தின் காரத்தன்மையிலும் ஆக்சிஜனிலும் தாமே சிதைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். சாறு சேர்த்ததும் என்.ஆர்.எஃப்.2 தூண்டப்பட்டது என்ற மகிழ்ச்சியான முடிவுக்குப் பின்னால் இருப்பது, ஊடகத்தில் பிறந்த பெராக்சைடாக இருக்கலாம். செல் இல்லாத வெறும் ஊடகத்தில் சாற்றைச் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துப் பெராக்சைடை அளந்துவிட்டால் இந்த ஐயம் தீரும். ஊடகத்தில் பைருவேட் இருந்தால் அது பெராக்சைடை விழுங்கிவிடும் என்பதால் அதன் அளவையும் பதிவு செய்யுங்கள்.

பெராக்சைடை அளக்க எல்லா ஆய்வகங்களிலும் கிடைப்பது டி.சி.எஃப். என்ற ஒளிரும் சாயம். அது பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இரும்பு, பெராக்சிடேஸ் போன்றவற்றின் துணை வேண்டும், ஒளி பட்டாலும் ஒளிரும், தானே சூப்பராக்சைடையும் உண்டாக்கும். வேறு வழியில்லாமல் அதைப் பயன்படுத்தினால், பெராக்சைடின் அளவு என்று எழுதாமல் பொதுவான ஆக்சிஜனேற்றத்தின் அறிகுறி என்று மட்டும் எழுதுங்கள். 2006-இல் அறிமுகமான ஹைப்பர் என்ற மரபணுவழி உணர்வி, பெராக்சைடைக் குறிப்பாக உணர்கிறது. இணைந்து ஆய்வு செய்யும் இடத்தில் அது இருந்தால் கேட்டுப் பெறுங்கள்.

மாதிரியை எடுக்கும் கணம்

சிஸ்டைனின் நிலையைக் காட்ட விரும்பினால், செல்லை உடைக்கும் அந்தச் சில வினாடிகளில்தான் பெரும்பாலான ஆய்வுகள் பழுதாகின்றன. செல் உடைந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லாச் சிஸ்டைன்களையும் ஆக்சிஜனேற்றத் தொடங்கும். குளிர்ந்த டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் வினைகளை நிறுத்திப் புரதத்தை வீழ்படிவாக்கி, பின்னர் அதைக் கரைக்கும் கரைசலிலேயே என்-எத்தில் மேலிமைடைச் சேர்த்துத் திறந்திருக்கும் கந்தக முனைகளை மூடிவிட வேண்டும். அதன் பிறகு மெர்காப்டோஎத்தனால் சேர்க்காத ஜெல்லில் ஓட்டி, பெராக்சிரெடாக்சினுக்கு எதிரான எதிர்ப்பொருளால் பார்த்தால், ஒடுக்க நிலையிலுள்ளது ஒற்றையாகவும் ஆக்சிஜனேற்றம் அடைந்தது இரட்டையாகவும் இரண்டு பட்டைகளில் நிற்கும். அதிக விலையுள்ள கருவி எதுவும் இன்றி, பெராக்சைடு செல்லுக்குள் எட்டியதா என்பதைக் காட்டும் சான்று இது. மெர்காப்டோஎத்தனால் சேர்த்த மாதிரியைப் பக்கத்துக் குழியில் ஓட்டாதீர்கள். அது ஜெல்லுக்குள் பரவி அண்டைக் குழியின் இரட்டைகளையும் உடைத்துவிடும்.

0, 2, 5, 10, 30, 60 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். சிஸ்டைனில் நிகழும் மாற்றம் சில நிமிடங்களிலேயே வந்து போய்விடலாம், பாஸ்பேட் ஏற்றம் அதற்குப் பின்னால் வரும், மரபணு வெளிப்பாடு மணிக்கணக்கில் வரும். 24 மணி நேரம் கழித்து ஒரே ஒரு மாதிரி எடுத்தால் எது முன், எது பின் என்று சொல்ல இயலாது. அறிக்கையில் ஊடகத்தின் பெயர், செல் எண்ணிக்கை, ஊடகத்தின் கனஅளவு, பெராக்சைடை அளந்த முறை, வெப்பநிலை ஆகியவற்றை எழுதுங்கள். இவை இல்லாமல் பென்னாகரத்தில் செய்த சோதனையை ஓசூரில் இருப்பவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

ஃப்ளூரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் தாக்கும் ஃப்ளூரோசிஸ் நோய் பாதித்த ஊர்களுக்குப் போய் இரத்த மாதிரி எடுக்க நினைப்பவர்கள், நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல ஒப்புதலும், மாதிரி தருபவருக்குத் தமிழில் விளக்கிப் பெற்ற சம்மதமும் கைக்கு வந்த பிறகே ஊசியைத் தொட வேண்டும். அந்த இரத்தத்தின் பிளாஸ்மாவில் அளக்கும் மாலோன்டையால்டிஹைடு கொழுப்புக்கு நேர்ந்த சேதத்தை மட்டுமே காட்டும், சமிக்ஞையைப் பற்றி எதுவும் சொல்லாது. சமிக்ஞையை அறிய வேண்டுமென்றால், வெள்ளையணுக்களை அன்றே பிரித்தெடுத்து, என்.ஆர்.எஃப்.2 இயக்கும் மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவைப் பார்க்க வேண்டும். ஆகவே மாதிரி எடுக்கும் ஊரிலிருந்து ஆய்வகத்துக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்ட பிறகே ஊரைத் தேர்ந்தெடுங்கள்.